ஆடு தின்ற வழி

உமையாள் கொடி பிடித்த இரண்டாம் நாள், ஆடுகள் வழியைத் தின்றுவிட்டன.

கீழப்பாறை மடத்திலிருந்து சேவற்குன்று முருகன் கோயிலுக்கு நாலு நாள் நடை. பங்குனி தோறும் போவார்கள். அந்த வருஷம் நாற்பத்தொரு பேர். காலில் செருப்பு இல்லை. வண்டி ஏறக்கூடாது. கைபேசிகளை மடத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் படி இறங்க வேண்டும்.

எல்லோரும் ஒன்றாக நடப்பதில்லை. வேகமாக நடப்பவர்கள் முன்னால் போய்விடுவார்கள். கால்வலிக்காரர்கள் பின்னால் வருவார்கள். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே ஒரு மைல்கூட இருக்கும்.

அதனால் கொடி பிடித்து முதலில் போகிறவருக்கு ஒரு வேலை உண்டு. பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், போகக்கூடாத பாதையின் குறுக்கே எதையாவது போட்டு மறித்துவிட்டுப் போக வேண்டும். அதற்கு மறிப்பு என்று பெயர். பின்னால் வருகிறவர்கள் மறிப்பைப் பார்த்து மற்றப் பாதையில் திரும்புவார்கள்.

பதினொரு வருஷம் கொடி பிடித்தவர் சோலைமலை. மறிப்புக்குக் காய்ந்த பனைமட்டைதான் போடுவார். இந்த வருஷமும் தனக்குத்தான் கொடி என்று மட்டைகளைச் சீவிக் கட்டி வைத்திருந்தார்.

விசாலம்மை கொடியை உமையாளிடம் கொடுத்தார்.

விசாலம்மைதான் மடத்துக்குத் தலைவி. வயது ஐம்பது. முழங்காலுக்கு மட்டும் எழுபது என்று அவரே சொல்வார். நடையில் எப்போதும் அவர்தான் கடைசி ஆள்.

உமையாளுக்கு இருபத்திரண்டு வயது. மடத்துக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதற்கு முன் ஒரு மில் ஆபீசில் வேலை கிடைத்தது. மூன்றாம் மாதம் மில்லை மூடிவிட்டார்கள். பிறகு கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை அடித்து வந்த பிறகு மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். கொஞ்ச நாள் அங்கே இருந்துவிட்டு வா என்று அவள் தாய் மடத்துக்கு அனுப்பிவைத்தாள்.

மடத்தில் அவள் பாத்திரம் துலக்குவாள். பூக் கட்டுவாள். பொறுப்பு என்று எதையாவது கொடுத்தால் மட்டும் நழுவிவிடுவாள்.

கொடியைக் கையில் வாங்கும்போதும் சொன்னாள்.

"நான் தொட்டது எதுவும் பாதிக்கு மேல போகாதும்மா."

"நாலு நாள் நடை. பாதின்னா ரெண்டு நாள்" என்றார் விசாலம்மை. "ரெண்டு நாளாவது பிடி."

"நடுவுல குடுத்துட்டா?"

"நடுவழியில குடுத்தவங்க மறுபடி அதைத் தொடுறதில்லை. மடத்து வழக்கம் உனக்குத் தெரியும்."

உமையாள் கொடியைப் பிடித்துக்கொண்டாள். தோற்றால் இதுவும் அந்த இரண்டோடு மூன்றாவது என்று நினைத்துக்கொண்டாள்.

சோலைமலை மட்டைக் கட்டை அவளிடம் நீட்டினார்.

"எடுத்துட்டுப் போ, புள்ள."

"காஞ்ச மட்டை ரோட்டுல குப்பை மாதிரி கெடக்கும் ஐயா. பச்சை வேப்பங்கொப்பு போட்டா தூரத்துலயே தெரியும். சாமி காரியத்துக்கும் லட்சணமா இருக்கும்."

"செய், செய். படிச்ச புள்ள. நாங்கள்லாம் மட்டைக்காரங்க."

முதல் நாள் ஆறு இடத்தில் பாதை பிரிந்தது. ஆறு இடத்திலும் உமையாள் வேப்பங்கொப்பு ஒடித்துப் போட்டாள். கொப்பில் பூவும் தளிரும் இருந்தன. ஒருவர்கூட வழி தப்பவில்லை. பின்னால் வந்த பேச்சியம்மாள் ஒவ்வொரு கொப்பையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்தாள்.

"பதினோரு வருஷம் மட்டையைப் பாத்துப் பாத்துக் கண்ணே காஞ்சு கெடந்துச்சு" என்றாள் அன்று சாயங்காலம்.

சோலைமலை வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

இரண்டாம் நாள் மதியம் உமையாள் கஞ்சி மண்டபத்தை அடைந்தாள். பக்கத்து ஊர்க்காரர்கள் அண்டாவில் கஞ்சி கொண்டுவந்து வைத்திருந்தார்கள். தண்ணீர்க் கேன்கள் ஏற்றிய தள்ளுவண்டியும் வந்து சேர்ந்தது. ஆட்கள் ஒவ்வொருவராக வந்து தூண் ஓரம் சாய்ந்தார்கள்.

உமையாளோடு சேர்த்து இருபத்திரண்டு பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

அரை மணி நேரம் போயிற்று. வெயில் மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தது.

"மீதி பத்தொம்பது பேர் எங்க, புள்ள?" என்றார் சோலைமலை.

உமையாள் சாலையைப் பார்த்தாள். ஒரு நாய் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"தண்ணி வண்டி இங்க இருக்கு. அவங்ககிட்ட ஒரு சொட்டு இல்லை. பேச்சியம்மாளுக்குச் சர்க்கரை வேற. நேரத்துக்குச் சாப்பிடலைன்னா மயங்கிடுவா" என்றார் சோலைமலை.

உமையாள் ஒரு கேனை இடுப்பில் எடுத்தாள். வந்த வழியே ஓடினாள்.

"கொடியை வச்சுட்டுப் போ!" என்று சோலைமலை கத்தினார். அவள் காதில் அது விழவில்லை.

ஒன்றரை மைல் தள்ளிப் பாதை பிரியும் இடம். அங்கே ஒரு புளியமரம். மரத்தடியில் விசாலம்மை காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி ஏழெட்டு ஆடுகள் நின்றன.

"அம்மா! பதினெட்டுப் பேரைக் காணோம்மா!"

"காணாம எங்க போவாங்க? அந்தப் பக்கம் போயிருக்காங்க." அவர் இடதுபக்கப் பாதையைக் காட்டினார்.

"அங்க மறிப்பு போட்டேனே! நானே போட்டேனே! எங்க அது?"

விசாலம்மை பக்கத்தில் நின்ற வெள்ளாட்டைக் காட்டினார்.

"அதோ. அசை போடுது."

பாதையின் குறுக்கே நாலு குச்சி மட்டும் கிடந்தது. அதிலும் ஒன்றின் பட்டையை ஒரு குட்டி உரித்துக்கொண்டிருந்தது.

உமையாள் குச்சிகளைப் பார்த்தாள். ஆட்டைப் பார்த்தாள்.

"நீங்க அவங்களைக் கூப்பிட்டிருக்கலாமே அம்மா."

"நான் இங்க வர்றப்ப அவங்க அந்தத் திருப்பத்துல போயிட்டிருந்தாங்க. தொண்டை கிழியக் கூப்பிட்டேன். பாட்டுப் பாடிக்கிட்டே போறாங்க, யாருக்குக் கேக்குது? ஓடலாம்னா முழங்கால் வரமாட்டேங்குது. சரி, தேடி வர்ற ஆளுக்கு வழி சொல்ல ஒரு ஆளு வேணுமேன்னு உக்காந்துட்டேன்."

உமையாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழுதாள்.

"ஏம்மா எனக்கு மட்டும் இப்படியே நடக்குது? மில்லு மூடுனது என் தப்பா? கல்யாணம் நின்னது என் தப்பா? இப்ப ஒரு கொப்பு போட்டேன். அதையும் ஆடு தின்னுட்டுப் போகுது. வேற யாருக்காவது இப்படி நடக்குமா?"

விசாலம்மை அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு வெயிலைப் பார்த்தார்.

"கேள்வி பெருசு. பேச்சிக்குத் தாகம் அதை விடப் பெருசு. நீ போய் அவங்களைக் கூட்டிட்டு வா."

"என்னால முடியலைம்மா. அழுகை நிக்க மாட்டேங்குது."

"அழுகை எங்கயும் ஓடிடாது. இங்க மரத்தடியில வச்சுட்டுப் போ. நான் பாத்துக்கறேன். திரும்பி வந்து எடுத்துக்கலாம்."

உமையாள் முகத்தைத் துடைத்தாள். கேனை இடுப்பில் வைத்தாள். கொடியைத் தோளில் சாய்த்தாள். இடதுபக்கப் பாதையில் ஓடினாள்.

அந்தப் பாதையில் நிழலே கிடையாது. இரண்டு பக்கமும் உடைகல் குவித்திருந்தது. அது ஒரு கல்குவாரிக்குப் போகும் சாலை. லாரி போய்ப் போய்த் தார் பெயர்ந்து கிடந்தது. வெறுங்காலில் மிதித்தால் சுட்டது.

இரண்டு மைல் போன பிறகு பாட்டுச் சத்தம் கேட்டது. கேட்டதும் அவளுக்கு மூச்சு வந்தது.

குவாரி வாசலில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் பதினெட்டுப் பேரும் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். பாடிக்கொண்டிருந்தது இரண்டு பேர்தான். மற்றவர்கள் நாக்கு வறண்டு சுவரில் சாய்ந்திருந்தார்கள். பேச்சியம்மாள் ஒருத்தியின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். நெற்றி வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது.

உமையாள் கேனைத் திறந்து கொடுத்தாள். மடியில் பூசைக்கென்று முடிந்துவைத்திருந்த கல்கண்டு ஞாபகம் வந்தது. அவிழ்த்துப் பேச்சியம்மாள் வாயில் போட்டாள்.

"சாமிக்கு வச்சதுல்ல?" என்றாள் பேச்சியம்மாள், மெல்லிக்கொண்டே.

"சாமிக்குச் சர்க்கரை வியாதி இல்லைக்கா. நீங்க தின்னுங்க."

ஆடு கொப்பைத் தின்றதை உமையாள் எல்லோரிடமும் சொன்னாள். கொஞ்ச நேரத்தில் பேச்சியம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் வாய் வந்துவிட்டது.

"ஏத்தா, மறிப்பு போடச் சொன்னா ஆட்டுக்குத் தீனி வச்சுட்டுப் போயிட்டியே! இந்தக் கொட்டகைக் காவல்காரன் சொல்றான். தினமும் மதியம் அந்த மரத்தடியிலதான் ஆடு படுக்குமாம். ஊருக்கே தெரியுமாம்."

"தப்புதான்க்கா. எனக்குத் தெரியாது."

"அது சரி. இப்ப எப்படிப் போறது? என் காலைப் பாரு."

இரண்டு பாதத்திலும் கொப்புளம். மற்ற ஐந்தாறு பேருக்கும் அப்படித்தான். வந்த இரண்டு மைலை இந்த வெயிலில் திரும்பி நடந்தால் யாராவது விழுந்துவிடுவார்கள் என்று உமையாளுக்குத் தெரிந்தது. பொழுது சாயும்வரை உட்காரலாம் என்றால் சாப்பாடு இல்லை.

குவாரிக்குள்ளிருந்து ஒரு லாரி வந்தது. சுமை இல்லாத லாரி.

உமையாள் கொடியோடு சாலை நடுவில் போய் நின்றாள். லாரி நின்றது.

"ஏம்மா, சாகணுமா?" என்றார் டிரைவர்.

"இல்லைண்ணே. வாழத்தான் கேக்கறேன். இவங்களைப் புளியமரம் வரைக்கும் கொண்டுவந்து விடுங்க. மெதுவாப் போனாப் போதும்."

டிரைவர் கொட்டகையைப் பார்த்தார். கால்களைப் பார்த்தார். பின்கதவைத் திறந்துவிட்டார்.

யாரும் அசையவில்லை.

"நான் ஏற மாட்டேன்" என்றாள் பேச்சியம்மாள். "என் மகனுக்குக் கண்ணு பொழைச்சதுக்காக நடக்கறேன். நாலு நாளும் நடந்தே வர்றேன்னு வேண்டியிருக்கேன். வண்டி ஏறினா நேர்த்திக்கடன் போச்சு."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். எல்லோருக்கும் ஒரு வேண்டுதல் இருந்தது.

டிரைவர் இன்ஜினை அணைத்தார். "பேசி முடிவு பண்ணுங்க."

உமையாள் கொஞ்சம் யோசித்தாள்.

"பேச்சியக்கா, நாம சேவற்குன்றுக்குத்தானே நடக்கறோம்?"

"பின்னே?"

"இந்த ரோடு சேவற்குன்றுக்குப் போகுதா?"

"போகலை. அதானே கூத்து."

"அப்ப இது நம்ம பாதையே இல்லை. இதுல நீங்க நடந்து வந்தீங்களே ரெண்டு மைலு, அதைச் சாமி நடையில சேக்கப் போறாரா?"

"எப்படிச் சேப்பாரு? எதிர்ப்பக்கம்ல வந்திருக்கோம்."

"நடந்ததே சேராதுன்னா, ஏறிப் போறது மட்டும் எப்படிக்கா சேரும்? புளியமரத்துல இறங்குங்க. எந்த இடத்துல நம்ம பாதையை விட்டீங்களோ அதே இடத்துல காலை வைங்க. அங்க இருந்து நடங்க. ஒரு அடிகூடக் குறையாது."

பேச்சியம்மாள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள்.

"இவ மில்லுல வேலை பாத்தாளா, வக்கீல்கிட்ட வேலை பாத்தாளா?"

முதலில் அவள்தான் ஏறினாள். இரண்டு பேர் கீழிருந்து தள்ள வேண்டியிருந்தது. அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. பதினெட்டுப் பேரும் ஏறிய பிறகு உமையாள் கடைசியாக ஏறினாள். தொட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கொடியை உயர்த்திப் பிடித்தாள். பாட்டு மறுபடி தொடங்கியது.

புளியமரத்தடியில் விசாலம்மை எழுந்து நின்றுகொண்டிருந்தார். லாரியிலிருந்து ஆட்கள் இறங்குவதைப் பார்த்தார். ஒவ்வொருவரும் பாதை பிரியும் இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே காலை ஊன்றி, ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடந்தார்கள். அவர் எதுவும் கேட்கவில்லை.

உமையாள் பக்கத்தில் வந்தபோது மட்டும் கேட்டார்.

"அழுகை பத்திரமா இருக்கு. எடுத்துக்கறியா?"

"இப்ப வேண்டாம்மா. கஞ்சி ஆறிடும்."

அவள் முன்னால் ஓடினாள்.

அன்று சாயங்காலம் ஓர் அரிசி ஆலையின் களத்தில் தங்கினார்கள். காயப்போட்ட நெல்லை அள்ளிவிட்டு இடம் கொடுத்திருந்தார்கள். தரை இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. எல்லோரும் காலை நீட்டி உட்கார்ந்து விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சியம்மாள் லாரிக் கதையைத் தண்ணீர் வண்டிக்காரருக்கு மூன்றாவது தடவை சொல்லிக்கொண்டிருந்தாள்.

உமையாள் கொடியை இரண்டு கைகளிலும் ஏந்தி விசாலம்மை முன்னால் வந்து நின்றாள்.

விசாலம்மை எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"என்னது?" என்றார் விசாலம்மை.

"கொடிம்மா. சோலைமலை ஐயாகிட்ட குடுத்துடுங்க."

"அவர் கேட்டாரா?"

"நான் கேக்கலை" என்றார் சோலைமலை பின்னாலிருந்து. "குடுத்தா வேண்டாங்க மாட்டேன்."

"ஏன் குடுக்கற, உமையா?"

"நான்தான் அப்பவே சொன்னேனே அம்மா. என் கையில எதுவும் பாதிக்கு மேல போகாது. இன்னைக்கு ரெண்டாம் நாள். சரியாப் பாதி."

"இன்னைக்கு என்ன நடந்துச்சு? சொல்லு."

"உங்களுக்குத் தெரியுமே."

"நான் மரத்தடியில உக்காந்திருந்தேன். எனக்கு ஆட்டை மட்டும்தான் தெரியும். நீ சொல்லு."

உமையாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேப்பங்கொப்பு போட்டேன். ஆடு தின்னுடுச்சு. பதினெட்டுப் பேர் வழி தப்பிட்டாங்க."

அதோடு நிறுத்திவிட்டாள்.

"பிறகு?" என்றார் விசாலம்மை.

"அவ்வளவுதாம்மா. அதான் நடந்துச்சு."

"பதினெட்டுப் பேரும் இங்க உக்காந்து காலுக்கு எண்ணெய் தேய்க்கறாங்களே. நடுவுல எதையோ விட்டுட்ட போல. பிறகு?"

"தண்ணி எடுத்துக்கிட்டு ஓடி வந்தேன்."

"பிறகு?"

"உங்களைப் பாத்தேன். அழுதேன்."

"பிறகு?"

"தேடிப் போனேன்."

"தேடிப் போனாளாம்!" என்றாள் பேச்சியம்மாள். "கொடியைத் தூக்கிட்டுக் காளி மாதிரி வந்தா. எனக்கு இருந்த கொஞ்சம் உசுரும் பயத்துல போயிருக்கும்."

"நீ சும்மா இரு, பேச்சி. அவ சொல்லட்டும்."

உமையாள் சொன்னாள். கல்கண்டைச் சொன்னாள். கொப்புளத்தைச் சொன்னாள். லாரியை மறித்ததைச் சொன்னாள். பேச்சியம்மாளிடம் பேசியதைச் சொன்னபோது விசாலம்மை கையை நீட்டி நிறுத்தினார்.

"அதை மறுபடி சொல்லு."

"நடந்ததே சேராதுன்னா, ஏறிப் போறது எப்படிச் சேரும்னு கேட்டேன்."

விசாலம்மை சிரித்தார். சிரிப்பு நிற்காமல் கண்ணில் தண்ணீர் வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டார். களம் முழுவதும் சிரித்தது.

"தப்பாம்மா அது?" என்றாள் உமையாள் பயந்துகொண்டே.

"அதை முருகன்கிட்ட நான் பேசிக்கறேன். பிறகு?"

"கஞ்சியைச் சூடு பண்ணினோம். குடிச்சோம். கால் வலிக்காரங்களுக்குத் துணி சுத்திவிட்டேன். வெயில் தாழ்ந்ததும் நடந்தோம். இங்க வந்துட்டோம்."

"எத்தனை பேர்?"

"நாப்பத்தொரு பேர்."

"பிறகு?"

"இப்பக் கொடியைக் குடுக்க வந்து நிக்கறேன்."

விசாலம்மை முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"கதை நல்லாத்தான் இருக்கு. இதுல கொடியைக் குடுக்க வேண்டிய இடம் எதுன்னுதான் எனக்குப் பிடிபடலை. நீயே தேடிச் சொல்லு. அந்த இடத்துல வாங்கிக்கறேன்."

உமையாள் நின்றபடியே யோசித்தாள். முதலில், ஆடு மென்றுகொண்டு நின்ற புளியமரத்தடி. அங்கே கொடுத்திருந்தால் அவள் மரத்தடியிலேயே உட்கார்ந்திருப்பாள். கொட்டகை. அங்கே வாங்கிக்கொள்ள யாரும் எழுந்து நிற்கும் நிலையில் இல்லை. லாரி. அதை நிறுத்தியதே கொடிதான்.

நீட்டியிருந்த கைகள் மெல்ல இறங்கின. கொடி அவள் தோளில் சாய்ந்தது.

சோலைமலை தொண்டையைக் கனைத்தார்.

"எல்லாம் சரி. என் மட்டையை எந்த ஆடும் தின்னாது. அதையும் சொல்லணும்ல?"

"தின்னாது" என்றார் விசாலம்மை. "நாலாவது வருஷம் அடுப்பெரிக்க யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்களே, அந்த மட்டையையா சொல்றீங்க?"

சோலைமலை வாயில் எண்ணெய்க் கையை வைத்துக்கொண்டார்.

"அது வேற."

"அன்னைக்கு ஒம்பது பேர் தப்பிப் போனாங்க. நீங்க என்ன பண்ணினீங்க?"

"கண்ணை மூடிச் சாமியைக் கும்பிட்டேன். இருட்டறதுக்குள்ள அவங்களே வந்துட்டாங்க." அவர் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்தார். "எனக்கு லாரி தோணலை."

பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். சோலைமலையும் சிரித்துவிட்டார். எழுந்து போய் மட்டைக் கட்டைத் தூக்கிவந்து உமையாள் காலடியில் வைத்தார்.

"வச்சுக்க, புள்ள. மட்டை மேல வேப்பங்கொப்பு. ஆடு கொப்பைத் தின்னாலும் மட்டை கெடக்கும். அடுப்புக்காரன் மட்டையை எடுத்தா கொப்பு கெடக்கும்."

"ரெண்டும் போயிட்டா ஐயா?"

"அதை என்கிட்டக் கேக்காதே" என்று சொல்லிவிட்டு அவர் போய்ப் படுத்துக்கொண்டார்.

மற்றவர்களும் துண்டை விரித்தார்கள். உமையாள் மட்டும் போகவில்லை. கொடியை மடியில் வைத்துக்கொண்டு விசாலம்மையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். விசாலம்மை தலைக்குத் துணி மூட்டையை வைத்துக்கொண்டு சாய்ந்தார்.

"அம்மா."

"ம்."

"நாளைக்கும் ஏதாவது ஆச்சுன்னா?"

"ஆகத்தான் செய்யும்" என்றார் விசாலம்மை, கண்ணை மூடிக்கொண்டே. "சாயங்காலம் வந்து சொல்லு. ஆட்டோட நிறுத்திடாம, முழுசாச் சொல்லணும்."